பச்சை மையில் ஒரு காலா மீன்

எங்கள் வீட்டில் முட்டாள்கள் நான்கு பேர். மூன்று பேர் என்று எழுதிவிட்டு நான் நைசாக நழுவிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத உட்கார்ந்துவிட்டு முதல் வரியிலேயே பொய் சொன்னால் நன்றாக இருக்காது. அதனால் நான்கு.

ஒன்று, அப்பா. பெயர் சின்னப்பையன், வயது ஐம்பத்தாறு, வாழப்பாடியில் ஜவ்வரிசி ஆலையில் வேலை. இரண்டு, அவருடைய அக்கா பாவாயி அத்தை. மூன்று, அவருடைய தம்பி மாதேசு சித்தப்பா, குட்டியானை வண்டியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிறவர். நான்காவது ஆள் நான், மதியழகன். புள்ளியியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம். மற்ற மூவரும் வாய் வழியாகத்தான் முட்டாள்தனம் செய்துவந்தார்கள். நான் படித்த பிறகுதான் அது எழுத்து வடிவம் பெற்றது.

பிரச்சினை எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மீனில் தொடங்கியது.

அம்மாவின் அண்ணன் சடையப்பன் மாமா, பரங்கிப்பேட்டையில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டவர். என் தங்கை செவ்வந்தியின் சடங்குக்கு வந்தபோது கை நீளத்துக்கு ஒரு காலா மீன் கொண்டுவந்தார். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, பஸ்ஸில், மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சீர் சாமான் வாங்கச் சேலம் போக வேண்டியிருந்ததால் அப்பாவிடம் பெட்டியைக் கொடுத்து, "மாப்ள, இதைப் பத்திரமா வைங்க. நானே வந்து வெட்டறேன்" என்றார்.

அப்பா பத்திரமாக வைத்தார். எங்கள் வீட்டில் பத்திரமான இடம் ஒன்றே ஒன்றுதான். இரும்பு பீரோ.

மாமா திரும்பி வர இரண்டு நாள் ஆகிவிட்டது. சடங்கன்று பட்டுப் பாவாடை எடுக்க அம்மா பீரோவைத் திறந்தாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார்கள். போகிற வழியில் யாரோ, "மாமன் சீரு நல்லா நாறுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா சாப்பிடாமல் பஸ் ஏறினார். அதன் பிறகு வரவில்லை, பேசவில்லை.

இப்போது செவ்வந்திக்குக் கல்யாணம். பத்து நாள்தான் இருந்தது. பத்திரிகை அடித்து வந்து மூட்டையாகக் கிடந்தது. ஆனால் தாய்மாமனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்கும் ஒரு பத்திரிகைகூடக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. செவ்வந்தி அதற்கும் ஒரு படி மேலே போனாள்.

"மாமா வந்து மாலை எடுத்துக் குடுக்கலைன்னா நான் மணவறை ஏற மாட்டேன். மாப்பிள்ளை தனியா உக்காந்து தாலியை அவரே கட்டிக்கட்டும்."

அம்மா எட்டு வருடம் கழித்து அண்ணனுக்குப் போன் செய்தாள். மாமா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"அந்த மனுசன் அவரே ஒரு காலா மீனைப் பிடிக்கட்டும். அது நாறாம என் கையில வந்து சேரட்டும். அப்ப வாங்கிக்கறேன் பத்திரிகைய."

அப்பா அன்றைக்கே குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டுக்கொண்டார். அம்மாவுக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது. வர முடியாது. அதனால் அத்தையையும் அப்பாவையும் சித்தப்பாவையும் எதிரே உட்காரவைத்து ஒரே ஒரு புத்தி சொன்னாள்.

"நீங்க மூணு பேரும் தயவு செஞ்சு எதையும் யோசிக்காதீங்க. மதி எழுதிக் குடுப்பான். அதுல இருக்கறபடி மட்டும் செய்ங்க."

இரண்டு நாள் இணையத்தில் படித்துவிட்டு இருபத்தொரு விதிகள் எழுதினேன். கசங்கிவிடக் கூடாது, நனைந்துவிடக் கூடாது என்று லேமினேட் செய்துகொண்டு வந்தேன். சித்தப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டிக் கண்ணாடிக்கு மேலே கட்டினார்.

புறப்படுவதற்கு முந்தைய மாலையில் மூன்றாவது விதியைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. விதி இதுதான்: மீன் பிடிக்கும் நாளன்று யாரும் பேசக் கூடாது, மீன் பயந்துவிடும், செல்போன்களையும் அணைத்துவிட வேண்டும்.

"நாளன்று-ன்னா எப்பருந்து?" என்று கேட்டாள் அத்தை.

"நாளு காலைல பொழுது விடியறப்பவே ஆரம்பிச்சுருதே அக்கா" என்றார் அப்பா.

"விடியறப்ப நாம வாழப்பாடியில இருப்போம். மீனு பரங்கிப்பேட்டையில இருக்கும். அதுக்குக் காது கேக்குமா?"

சித்தப்பா அட்டையை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். "கேக்காதுன்னு மதி எழுதியிருக்கானா?"

"எழுதலை."

"அப்ப கேக்கும்."

நான் பதறிப்போய், 'தண்ணீர்க் கரைக்குப் போன பிறகு' என்று சேர்ப்பதற்காகப் பேனாவை எடுத்தேன். லேமினேஷன் மேல் பேனா எழுதவில்லை. இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

"உடு கண்ணு" என்றாள் அத்தை. "லேமினேட் ஆனது ஆனதுதான்."

நானே எழுதிய விதியை நானே மீறினால் மற்ற இருபது விதிகளுக்கும் என்ன மரியாதை என்று எனக்கும் தோன்றியது. சம்மதித்தேன்.

விடிந்ததும் வாயை மூடிக்கொண்டு புறப்பட்டோம். அப்பாவும் சித்தப்பாவும் முன்னால், நானும் அத்தையும் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே. அத்தைக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

ஏழாவது விதி, மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது. சரியாக ஒரு மணி நேரம் ஆனபோது வண்டி சுங்கச்சாவடியின் தடுப்புக் கம்பிக்குக் கீழே இருந்தது. சித்தப்பா அங்கேயே எஞ்சினை அணைத்தார். இறங்கிப் பாயை விரித்து நான்கு பேரும் படுத்தோம். பின்னால் லாரிகள் ஒலி எழுப்பின. சுங்கச்சாவடிப் பையன் ஓடிவந்து, "யோவ், என்னய்யா ஆச்சு? யாருக்கு என்ன?" என்று கத்தினான். பதில் பேச முடியாதே. சித்தப்பா படுத்தபடியே அட்டையைக் காட்டினார். அவன் ஏழாவது விதியைப் படித்தான். மூன்றாவதையும் படித்தான். பிறகு எங்களைச் சுற்றி நான்கு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துவிட்டுப் போனான்.

ஆத்தூரில் குப்பாயி பெரியம்மா வீடு. அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவள். 'ஆத்தூரில் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும், பத்து நிமிடம்' என்று பதினோராவது விதியில் எழுதியிருந்தேன். போனோம். வாசலில் வரிசையாக நின்று பெரியம்மாவைப் பார்த்தோம்.

"வாங்க வாங்க! என்ன இந்நேரத்துக்கு? தங்கச்சி வரலையா?"

நாங்கள் பார்த்தோம்.

"ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?" பெரியம்மாவின் கண், அப்பாவின் மொட்டைத் தலையில் போய் நின்றது. பிறகு அத்தையின் வாயைப் பொத்தியிருந்த துண்டுக்கு வந்தது. வண்டித் தூசி பட்டு அத்தையின் கண் வேறு சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. "சிந்தாமணி எங்க?" என்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள் பெரியம்மா. குரல் இறங்கிவிட்டது.

அம்மா அப்போது மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதைத்தான் சொல்ல நினைத்தார் அப்பா. விரலை மேலே காட்டினார். பிறகு இரண்டு கையையும் விரித்து, துணியை நீளமாக விரித்துப் பரப்புவதுபோல் காட்டினார். வெயில் என்பதற்காகக் கண்ணைச் சுருக்கி ஆகாயத்தை ஒரு முறை பார்த்தார்.

பெரியம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பத்து நிமிடம் முடிந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தெரு திரும்பும்போது பெரியம்மா வீட்டிலிருந்து பெரிதாக அழுகைச் சத்தம் கேட்டது. நம்மை உபசரிக்க முடியவில்லையே என்று வருத்தப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். புள்ளியியல் படித்தவன் நான். நான்கு மௌனசாமிகள், ஒரு மொட்டை, மேலே காட்டிய ஒரு விரல். இவற்றைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மதியம் பரங்கிப்பேட்டை போய்ச் சேர்ந்தோம். வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் தேசிங்கு என்பவர் தன் ஃபைபர் படகில் எங்களை ஏற்றிக்கொண்டார். படகில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க, நாலு பேருமே ஊமையா?"

வண்டியிலிருந்து கழற்றி எடுத்துவந்திருந்த அட்டையைக் காட்டினேன். அவர் மூன்றாவது விதியைப் படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

அத்தை பெருமையோடு என்னைக் காட்டினாள்.

"தம்பி, முப்பது வருசமா ரேடியோ வச்சிட்டுத்தான் மீன் பிடிக்கறேன். பேசுங்க, ஒண்ணும் ஆகாது."

உடனே நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். கரையில் இருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. அதில் அப்பா சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "எனக்கு ஆத்தூர்லயே ஒண்ணுக்கு வந்துச்சு!"

அந்தக் காரியம் முடிந்து, தூண்டில் போட உட்கார்ந்தோம். மீனுக்குப் பிடித்த உணவை இரையாக வைக்க வேண்டும் என்று பதினான்காவது விதியில் எழுதியிருந்தேன். அது என்ன உணவு என்று எழுத மறந்திருந்தேன். கூட்டம் கூடியது.

"கடல்ல பொறந்து கடல்ல வளந்த மீனு" என்றாள் அத்தை. "பொறந்ததுலருந்து உப்பு. நாக்கு செத்துப் போயிருக்கும். இனிப்பு வைக்கலாம்."

"அதுவும் கல்யாண வீட்டு இனிப்பா இருக்கணும்" என்றார் அப்பா. "நாம எதுக்கு வந்திருக்கோம்னு அதுக்கும் தெரியணுமில்ல?"

"அதிரசம் இருக்குது" என்றார் சித்தப்பா.

தேசிங்கு ரேடியோவை அணைத்தார். தூண்டில் முள்ளில் நாங்கள் அதிரசம் மாட்டுவதை முழுக்கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் ஏழு அதிரசம் போனது. காலா வரவில்லை. "சாப்பிடுது, ஆனா மாட்ட மாட்டேங்குது. பந்திக்கு வந்துட்டு மொய் வைக்காம போறவங்க மாதிரி" என்றார் சித்தப்பா. எட்டாவது அதிரசத்தை அப்பா முள்ளில் மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். மொட்டைத் தலை வெயிலில் சிவந்துபோயிருந்தது. "எம் பொண்ணு கல்யாணம் என்னால நின்னுருமாடா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

தேசிங்கு எழுந்தார். தன் தூண்டிலில் உயிரோடு இருந்த ஓர் இறாலைக் கோத்து வீசினார். சற்று நேரம் கழித்துத் தூண்டில் நரம்பு விறைத்தது. உடனே அதை அப்பாவின் கையில் திணித்தார்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க, வெத்தலை போட்டுக்கறேன். இழுத்தா விட்டுறாதீங்க."

இழுத்தது. அப்பா விடவில்லை. அப்பாவைச் சித்தப்பா விடவில்லை. சித்தப்பாவை அத்தை விடவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெள்ளியாய் மின்னியபடி, கை நீளக் காலா ஒன்று படகுக்குள் வந்து விழுந்தது.

எனக்கு மனது உறுத்தியது. தேசிங்கை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இது யாரு பிடிச்ச மீனு?"

"தூண்டில் யாரு கையில இருந்துச்சு தம்பி?"

"அப்பா கையில."

"அப்பறம் என்ன? அதையும் அட்டையில எழுதிக்க."

எழுத முடியாது, லேமினேட் ஆகிவிட்டது என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

கரைக்கு வந்ததும் தேசிங்கு ஒரு கூடை ஐஸ் கொண்டுவந்தார். அத்தை குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"வேணாங்க. போன தடவை எங்க மாமன் கொண்டாந்த மீனுக்கு ஐஸு போட்டிருந்துச்சு. அது நாறிப்போச்சு. நாத்தமே ஐஸ்லருந்துதான் வருது."

"மதி, நீ சொல்லு" என்றார் அப்பா.

ஐஸ் போட்ட மீன் இதுவரை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்று. அதில் நாறியது ஒன்று. நூற்றுக்கு நூறு. தரவு அத்தை பக்கம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன்.

மீனை வாழை இலையில் சுற்றிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"சடையப்பண்ணனா? காலைலயே வாழப்பாடி போயிட்டாரே. ஆத்தூர்லருந்து போன் வந்துச்சு. பாவம், அவரு தங்கச்சி செத்துட்டாங்களாம்."

அத்தை மீனைக் கீழே வைத்தாள். பிறகு, "ஐயோ சிந்தாமணி! காலைல நல்லா வடகம் புழிஞ்சிட்டிருந்தியே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா சுவரில் முட்டிக்கொண்டார். நானும் அழுதேன். அம்மா எப்படி இறந்திருப்பாள் என்பதை அறியச் செல்போனை உயிர்ப்பித்தேன். அது உடனே அடித்தது. அம்மாவேதான். அப்பா பிடுங்கிக்கொண்டார்.

"சிந்தாமணி! நீ செத்துட்டியாமே? யாராச்சும் உங்கிட்டச் சொன்னாங்களா?"

போனை ஒலிபெருக்கியில் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் திட்டினாள். அது இங்கே வேண்டாம். விஷயம் இதுதான்: பெரியம்மா அழுதுகொண்டே மாமாவுக்குச் சொல்லியிருக்கிறாள். எங்கள் போன் எல்லாம் அணைந்திருந்தது. செத்தவளின் போனுக்கே அடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. செவ்வந்தியின் போன் எப்போது அடித்தாலும் பிஸி, கல்யாணப் பெண் அல்லவா. மாமா வேறு எதையும் யோசிக்காமல், பிறந்த வீட்டு முறையாகச் சாவுக்குப் போடும் கோடிப் புடவையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"நான் மாடியில வடகத்தைத் திருப்பிட்டிருந்தேன். என்னைப் பாத்ததும் படியிலயே உக்காந்து எங்கண்ணன் அழுதான் பாருங்க, பச்சப்புள்ள மாதிரி. எட்டு வருசப் பேச்சையும் பேசிட்டோம். புடவையும் நல்லா இருக்குது, கட்டிக்கிட்டேன்."

"கோடிப் புடவையையா?"

"எனக்குன்னு எடுத்தது, நான் கட்டாம யாரு கட்டறது? ஆனா ஒண்ணு. மீன் விசயத்துல மட்டும் எறங்க மாட்டேங்கறான்."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "நாறுச்சுன்னா அடுத்த பஸ்ஸுன்னு சொல்லு!"

இனிமேல்தான் இடி. பத்தொன்பதாவது விதி: பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது. எனக்கு இருட்டில் நெடுஞ்சாலை என்றால் பயம். அதனால் எழுதியது. ஆக, நாளைக் காலையில்தான் வீடு போய்ச் சேர முடியும். மீனோ வைகாசி வெயிலில் இருந்தது.

"இப்ப நாறலை" என்றார் அப்பா முகர்ந்து பார்த்து. "நாளைக்கு நாறினா, இன்னைக்கு நாறலைங்கறதை மச்சான் நம்புவாரா?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டென்றால் அது இதுதான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நகலைக் கொடுக்க வேண்டும். நகலில் சான்றொப்பம் இருக்க வேண்டும். அசலைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"நாறலைங்கறதுக்கு இன்னைக்கே ஒரு அத்தாட்சி வாங்கிட்டா?" என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "படிச்சவன் படிச்சவன்தான்டா" என்றார் சித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மீனைக் கண்ணாடியின் மேல் படுக்கவைத்தோம். கடைக்காரர் எதையெதையோ பார்த்தவர்போல. முகம் மாறவில்லை.

"ஏ4ல வால் வராது. ஏ3 போடட்டுமா?"

"போடுங்க."

"கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?"

"கலரு" என்றாள் அத்தை. "இல்லாட்டி வெளுத்த மீனுன்னு சொல்லிருவாங்க."

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்" என்றார் அப்பா. "மீனுக்கு அந்தப் பக்கமும் ஒரு கண்ணு இருக்குதுங்க."

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஓய்வூதியத் தாள்களை நகல் எடுக்க வந்திருந்தார். மிகவும் கேட்டுக்கொண்டதால் மீனை இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, 'மேற்படி மீன் இன்று மாலை 4.10 மணிக்கு என் முன்னிலையில் நாற்றமின்றி இருந்தது' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓய்வுபெற்றவர் கையெழுத்து செல்லுமா என்ற பயம் எனக்கு இன்றுவரை இருக்கிறது. கையோடு லேமினேட் செய்துகொண்டோம்.

மறுநாள் காலை வீடு சேர்ந்தோம். வழியில் எங்களை முந்திய வண்டிகள் எல்லாம் மிக வேகமாக முந்தின என்பதைத் தவிரச் சொல்வதற்கு எதுவும் இல்லை. அத்தை பின்கட்டு வழியாக இறங்கிப் போனாள். நாங்கள் முன்பக்கமாக வந்தோம்.

வாசலில் மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாவுக்கு வந்த பெரியம்மா வடகம் பொரித்துத் தின்றுகொண்டிருந்தாள். அம்மா கோடிப் புடவையில் பளிச்சென்று இருந்தாள். அப்பா இரண்டு கையாலும் அந்த அட்டையை நீட்டினார்.

மாமா வாங்கினார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பச்சை மையை எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"மாப்ள" என்றார், சிரிப்பை அடக்க முடியாமல். "நாறலை. சத்தியமா நாறலை. எடுங்க பத்திரிகைய!"

அம்மா தட்டோடு பத்திரிகையை நீட்டினாள். மாமா எழுந்து நின்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அழுதார். எட்டு வருடம் கழித்து இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"அது சரி" என்றார் மாமா, கண்ணைத் துடைத்தபடி. "அசல் மீனு எங்க?"

அத்தை அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

"அசலையெல்லாம் யாராச்சும் வெளிய குடுப்பாங்களா? மதி சொல்லியிருக்கான்ல. பத்திரமா வச்சிருக்கேன்."

மாமா மிக மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பினார்.

உள்ளேயிருந்து செவ்வந்தியின் குரல் கேட்டது. "அம்மா, முகூர்த்தப் புடவை பீரோவுல எந்தத் தட்டுல இருக்குது?"

பிறகு, பீரோவின் கைப்பிடியைத் திருகும் சத்தம்.